என்எஃப்டி விற்பவரை வெளியேற்ற நடத்தை விதி போடலாமா?

கேள்வி: கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஓய்வு நேரத்தில் நண்பர்கள் இருவருடன் சேர்ந்து ஒரு திறமூல லைப்ரரியைப் பராமரிக்கிறேன். நிரல் எழுதிச் சிக்கலான வடிவங்கள் வரைய உதவும் லைப்ரரி அது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்ற எம்ஐடி உரிமத்தில் வெளியிட்டிருக்கிறோம். பல நாடுகளிலிருந்து நாற்பது பேர் போலப் பங்களித்திருக்கிறார்கள். டிஸ்கார்டில் ஒரு சர்வரும் உண்டு. எங்கள் முக்கியப் பங்களிப்பாளர் ஒருவர், ஐரோப்பாவில் இருப்பவர், இந்த லைப்ரரியில் உருவாக்கிய படங்களை என்எஃப்டியாக, அதாவது பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில் பதியும் டோக்கனாக, விற்க ஆரம்பித்தார். பொதுச் சேனலில் இணைப்பைப் போட்டார். அப்புறம் உறுப்பினர்களுக்குத் தனிச்செய்தியும் அனுப்பினார். விற்பனைப் பக்கத்தில் எங்கள் லோகோ இருந்தது. ஒரு கல்லூரி மாணவர் பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்து ஒன்றை வாங்கிவிட்டு, இப்போது அதை விற்க ஆள் கிடைக்காமல் தவிக்கிறார். ஓவியரான இன்னொரு பங்களிப்பாளர் கொதித்துப்போய், ‘என்எஃப்டி விற்பவர்களுக்கு இந்தச் சமூகத்தில் இடமில்லை’ என்று நடத்தை விதிகளில் ஒரு வரி சேர்க்கும்படி புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தை ஏற்கக் கேட்கும் கோரிக்கை) அனுப்பியிருக்கிறார். விற்றவரோ, ‘எம்ஐடி உரிமம் எனக்கு அனுமதி தருகிறது, நீங்கள் யார் கேட்க’ என்கிறார். நூறு கமென்ட்டைத் தாண்டிவிட்டது. இப்படி ஒரு விதி போடலாமா? போடுவது சரியா?

பதில்: போடலாம். என்எஃப்டி விற்பவரைக் குழுவில் வைத்துக்கொண்டே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த வரியை அப்படியே ஏற்காதீர்கள் என்பதுதான் என் ஆலோசனை. உங்கள் இடத்துக்குள் நடக்கும் விற்பனைப் பேச்சைத் தடை செய்யுங்கள். ஒருவர் வெளியே என்ன விற்கிறார் என்பதை வைத்து ஆளைத் தடை செய்யாதீர்கள். மென்பொருள் உரிமங்களைப் பார்க்கும் வழக்கறிஞர் என்ற முறையிலும், சில குழுக்களுக்கு நடத்தை விதிகள் எழுதிக் கொடுப்பவன் என்ற முறையிலும் இதைச் சொல்கிறேன்.

முதலில் உரிமத்தைப் பேசி முடித்துவிடுவோம். அந்த நூறு கமென்ட்டில் பாதி அதைப் பற்றித்தான் இருக்கும். எம்ஐடி உரிமம் மென்பொருளின் பிரதிகளை விற்கவும் அனுமதிக்கிறது. அதன் வாசகத்திலேயே அது இருக்கிறது. ஆனால் உங்கள் பங்களிப்பாளர் விற்றது லைப்ரரியை வைத்து வரைந்த படத்தை. அதற்கு எம்ஐடி உரிமத்தின் தயவே தேவையில்லை. கிம்ப் என்ற மென்பொருளில் வரைந்த படத்தை விற்க, கிம்ப்பை எழுதியவர்களிடம் யாரும் போய் அனுமதி கேட்பதில்லை. ஆக, அவர் சொல்லும் காரணம் பொருந்தாவிட்டாலும், விற்க அவருக்கு உரிமை உண்டு என்பது சரிதான்.

ஒரே ஒரு இடத்தை மட்டும் சரிபாருங்கள். நிரலை வைத்திருக்கும் ரெப்போவில் எடுத்துக்காட்டுகளுக்கென்று ஒரு ஃபோல்டர் இருக்குமே, அதில் அந்த ஓவியர் வரைந்து கொடுத்த மாதிரி வடிவங்கள் இருக்கின்றனவா? விற்கப்பட்ட படங்களில் அவை அப்படியே வந்திருக்கின்றனவா? வந்திருந்தால் கதை வேறு. எம்ஐடி உரிமத்தின் கீழ் வருகிறவை என்றாலும், பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் கூடவே கொடுக்க வேண்டும். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு, படைப்பை விற்றுவிட்ட பிறகும், ‘இது என் படைப்பு’ என்று உரிமை கோரும் உரிமையைப் படைத்தவரிடமே விட்டுவைக்கிறது. உங்கள் ஓவியரின் கோபத்துக்குப் பின்னால் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று அவரிடம் தனியாகக் கேளுங்கள். பொதுவில் கொள்கையாகப் பேசுகிறவர்களுக்கு உள்ளே ஒரு சொந்தக் காயம் இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த விவாதம் முற்றும்போது யாராவது, ‘அப்படியானால் உரிமத்தையே மாற்றுவோம், என்எஃப்டிக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு வரி சேர்ப்போம்’ என்பார். சேர்த்த நாளிலிருந்து உங்கள் லைப்ரரி திறமூல மென்பொருள் ஆகாது. ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு 1998 முதல் வைத்திருக்கும் வரையறையின் 6-வது விதி, எந்தத் துறையில் பயன்படுத்துவதையும் உரிமம் தடுக்கக் கூடாது என்கிறது; வணிகத்தையும் மரபணு ஆராய்ச்சியையும் அதுவே எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. இன்று பல திட்டங்கள் எடுத்து ஒட்டிக்கொள்ளும் ‘கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்’ நடத்தை விதிகளை 2014-ல் எழுதிய கோரலைன் அடா எம்கே, 2019-ல் ‘ஹிப்போகிராட்டிக் லைசன்ஸ்’ என்ற உரிமத்தையும் எழுதினார். மனித உரிமைகளை மீறுவதற்கு மென்பொருளைப் பயன்படுத்தக் கூடாது என்ற நல்ல நோக்கம்தான். அதையும்கூட இந்த வரையறைக்குள் வராது என்று அந்த அமைப்பு சொல்லிவிட்டது. ஒருவரே இரண்டையும் எழுதியிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். சமூகத்துக்கு விதி வேறு, மென்பொருளுக்கு உரிமம் வேறு. உங்கள் குழுவில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, விதிக்கு வருவோம். அதற்கு முன் அந்த மாணவர் பதினெட்டாயிரம் கொடுத்து எதை வாங்கினார் என்பதைப் பார்த்துவிட வேண்டும். பெரும்பாலும் இஆர்சி-721 என்ற தரத்தில் உருவான டோக்கனாக இருக்கும். பிளாக்செயினில் ஒரு எண்ணும், அந்த எண் எந்த வாலட்டுக்கு (டிஜிட்டல் பணப்பைக்கு) சொந்தம் என்ற பதிவும் இருக்கும். அந்த எண்ணுக்கான விவரத்தைக் கேட்டால் வழக்கமாக ஒரு இணைப்புதான் திரும்ப வரும். அந்த இணைப்பில் ஒரு சிறு கோப்பு. அதில் படத்தின் பெயர், ஒரு வரி விளக்கம், படம் எங்கே இருக்கிறது என்று இன்னொரு இணைப்பு. படத்தையே பிளாக்செயினில் எழுதிவைப்பவர்களும் உண்டு, அது குறைவு. சிக்னல் செயலியை உருவாக்கிய மாக்ஸி மார்லின்ஸ்பைக் 2022 ஜனவரியில், இணைப்பு மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதைச் செய்தே காட்டினார். அவர் உருவாக்கிய என்எஃப்டி ஒரு சந்தையில் ஒரு படமாகத் தெரியும், இன்னொரு சந்தையில் வேறு படமாகத் தெரியும், வாங்கியவரின் வாலட்டில் மலம் குறிக்கும் எமோஜியாகத் தெரியும். பார்ப்பவர் யார் என்று பார்த்து சர்வர் வேறு வேறு படத்தை அனுப்பியது, அவ்வளவுதான். டோக்கனை வாங்கியவருக்குப் பதிப்புரிமையும் போவது, தனியாக எழுதிக்கொடுத்தால்தான் உண்டு. மாணவரிடம் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆகவே ஓவியரின் கோபம் எனக்குப் புரிகிறது. 2021-ம் ஆண்டு மார்ச்சில் கிறிஸ்டிஸ் ஏலத்தில் பீப்பிள் என்ற ஓவியரின் ஒரு என்எஃப்டி படைப்பு 6.9 கோடி டாலருக்கு மேல் போன பிறகு, வலைத்தளத்தில் படம் போட்டிருந்த ஓவியர்கள் பலரும் தங்கள் படங்களை யார் யாரோ விற்பதைப் பார்த்தார்கள். ஓப்பன்சீ என்ற என்எஃப்டி சந்தையே 2022 ஜனவரியில் ஒரு கணக்கு சொன்னது: அவர்களுடைய இலவசக் கருவியில் உருவாக்கப்பட்டவற்றில் 80 விழுக்காட்டுக்கும் மேல் திருட்டு, போலி அல்லது ஸ்பாம். விற்கும் கடையே இப்படிச் சொன்னது.

திறமூலத்துக்கு இன்னும் நெருக்கமான ஒன்று டேவிட் ரெவாய் என்ற பிரெஞ்சு ஓவியருக்கு நடந்தது. கிரிட்டா போன்ற கட்டற்ற கருவிகளில் வரைந்து, ‘பெப்பர் அண்ட் கேரட்’ என்ற இணையச் சித்திரக்கதையைத் திறந்த உரிமத்தில் தருபவர் அவர். பூனை முகங்களைத் தானாக உருவாக்கும் ஒரு சின்னக் கருவியையும் பெயர் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டிருந்தார். 2021 ஆகஸ்டில் அந்தப் பூனைகளை வைத்து யாரோ ஒருவர் ஓப்பன்சீயில் ஒரு என்எஃப்டித் தொகுப்பை விற்க ஆரம்பித்தார். ரெவாய், வாங்காதீர்கள் என்று வெளிப்படையாக எழுதினார். வணிகப் பயன்பாட்டுக்குத் தன் உரிமம் இடம் தருகிறது என்பது அவருக்குத் தெரியாததல்ல. தன் பெயரும் படைப்பும் இதனோடு சேர்ந்து நிற்பதில் தனக்குச் சம்மதமில்லை என்று, படைப்பாளியின் தார்மீக உரிமையை முன்வைத்துப் பேசினார். உங்கள் ஓவியருக்கு நான் சொல்ல விரும்புவதும் இதுதான்: கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பிடுங்க முடியாது, ஆனால் வாய் திறந்து எதிர்க்க முழு உரிமை உண்டு. அப்படி எதிர்ப்பவரின் வாயை யாரும் உங்கள் சர்வரில் அடைக்கக் கூடாது.

இவ்வளவு நியாயம் இருந்தும் அந்த வரியை ஏன் வேண்டாம் என்கிறேன்?

நடத்தை விதிகளுக்கு ஒரு எல்லை இருக்கிறது. கான்ட்ரிபியூட்டர் கவனன்டின் 2.1 பதிப்பை எடுத்துப் பாருங்கள். சமூகத்தின் இடங்களில் செல்லும். ஒருவர் சமூகத்தின் சார்பாக, அதிகாரபூர்வ மின்னஞ்சலிலோ கணக்கிலோ மேடையிலோ, பொதுவெளியில் பேசும்போதும் செல்லும். அதோடு சரி. உங்கள் ஓவியர் எழுதிய வரி அந்த எல்லையைத் தாண்டி, ஒருவர் தன் வீட்டில் உட்கார்ந்து தன் பெயரில் எதை விற்கிறார் என்பது வரைக்கும் போகிறது. இப்படிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. ரூபி நிரலை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் ஓபல் என்ற திட்டத்தில், ஒரு பங்களிப்பாளர் தன் சொந்த ட்விட்டர் கணக்கில் எழுதியதற்காக அவரைத் திட்டத்திலிருந்து நீக்க வேண்டும் என்று 2015-ல் கோரிக்கை வந்தது. பராமரிப்பாளர்கள் மறுத்தார்கள். வெளியிலிருந்து வந்த கூட்டம் அந்த இழையில் குவிந்தது. பிறகு அவர்கள் ஒரு நடத்தை விதியை ஏற்றுக்கொண்டார்கள். யார் பக்கம் நியாயம் என்பதில் இன்றைக்கும் ஆளுக்கொரு கருத்து. வெளியே நடப்பதற்குள் கை விட்டால், ஒரு சிறு திட்டத்தின் தோளில் எவ்வளவு பெரிய சண்டை வந்து இறங்கும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்கிறேன்.

வெளியே செய்வது எதுவுமே கணக்கில் வராது என்று நான் சொல்லவில்லை. ஒருவர் வெளியே உங்கள் உறுப்பினரை மிரட்டினால், துரத்தித் துரத்தித் தொல்லை செய்தால், அது உள்ளே இருப்பவரின் பாதுகாப்பைத் தொடுகிறது. அதன்மேல் நடவடிக்கை எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். என்எஃப்டி விற்பது மட்டுமே அந்த வகையில் வராது.

கல்யாண மண்டபத்தில் பந்திக்குப் பந்தி போய்ச் சீட்டுக்கு ஆள் பிடிக்கிற சொந்தக்காரர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். ‘அண்ணே, இங்கே வேண்டாம்’ என்று ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்வோம். கேட்காவிட்டால் கொஞ்சம் குரலை உயர்த்துவோம். சீட்டு நடத்துபவர்களுக்கு இனிமேல் பத்திரிகையே வைப்பதில்லை என்று தீர்மானம் போட மாட்டோம்.

அந்த வரியால் யாரெல்லாம் வெளியே போவார்கள் என்றும் யோசியுங்கள். வையவிரிவலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, அதன் மூல நிரலை 2021 ஜூனில் சோத்பிஸ் ஏலத்தில் என்எஃப்டியாக விற்றார். 54 லட்சம் டாலருக்குப் போனது. அந்த நிரலை சேர்ன் ஆய்வுக்கூடம் 1993 ஏப்ரலிலேயே பொதுவுடைமையாக விட்டுவிட்டது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். வாங்கியவருக்குக் கிடைத்தது ஒரு டோக்கன், அந்த நிரல் கோப்புகள், ஒரு கடிதம், ஒரு சுவரொட்டிக் கோப்பு, நிரல் திரையில் ஓடும் ஒரு வீடியோ. அந்த வீடியோவில் கோண அடைப்புக்குறிகள் எல்லாம் தவறான குறியீடாக மாறித் தெரிந்தன என்பது தனிக் கூத்து. அதை வாங்கியதை நான் புத்திசாலித்தனம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெர்னர்ஸ்-லீ நாளைக்கு உங்கள் லைப்ரரியில் ஒரு பிழையைத் திருத்தி அனுப்பினால், உங்கள் ஓவியர் எழுதிய விதிப்படி திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

இன்னொரு சிக்கல், தொழில்நுட்பத்தின் பெயரைச் சொல்லி எழுதும் விதிகள் சீக்கிரம் பழையதாகிவிடும். 2021-ல் இந்த விதியைக் கேட்டவர்கள் முக்கியமாகச் சொன்ன காரணம் பிளாக்செயின் தின்னும் மின்சாரம். அன்றைக்கு அது நியாயமான காரணம். 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் என்ற பிளாக்செயின் வேறு முறைக்கு மாறியதும் அதன் மின்செலவு 99 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டது. அந்தக் காரணம் போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. 2023 ஜனவரியில் ஆர்டினல்ஸ் என்ற பெயரில் பிட்காயினிலேயே என்எஃப்டி போன்ற பொருள்கள் வந்தன; பிட்காயின் இன்னும் பழைய முறையில்தான் ஓடுகிறது. உங்கள் விதிக்குள் இதில் எது வரும், எது வராது? அதை உட்கார்ந்து தீர்மானிக்கப் போவது நீங்கள் மூன்று பேர், அலுவலகம் முடிந்து வந்த களைப்போடு. நடத்தையின் பெயரைச் சொல்லி எழுதினால் இந்த வேலையே இருக்காது. ‘கேட்காதவருக்குத் தனிச்செய்தியில் விற்பனை’ என்பது பத்து வருடம் கழித்தும் அதேதான்.

உண்மையில் திறமூலக் குழுக்களுக்கு டோக்கன்களால் வந்த பெரிய தொல்லை ஓவிய விற்பனை வழியாக வரவில்லை. டீ என்ற திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேக் கணினியில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்ப்ரூவை உருவாக்கிய மாக்ஸ் ஹவெல் தொடங்கியது. திறமூலப் பராமரிப்பாளர்களுக்கு டோக்கன் வழியாகப் பணம் போய்ச் சேர வேண்டும் என்பது எண்ணம். 2024 பிப்ரவரியில் சோதனைக்கு விட்டதும், முன்பின் தெரியாதவர்கள் பெரிய பெரிய ரெப்போக்களுக்கு வந்து, தங்கள் வாலட் முகவரி எழுதிய ஒரு கோப்பைச் சேர்க்கும்படி புல் ரிக்வெஸ்ட் மழை பொழிந்தார்கள். திட்டம் தங்களுடையது என்று பதிவாகிவிட்டால் டோக்கன் வருமாம். பராமரிப்பாளர்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தார்கள். பிறகு, ஜாவாஸ்கிரிப்ட் நிரல் பொட்டலங்களைப் பகிரும் தளமான என்பிஎம்மில் ஒன்றுக்கும் உதவாத பொட்டலங்கள் குவிந்தன. 2025 நவம்பரில் அமேசானின் பாதுகாப்பு ஆய்வாளர்கள், இந்த டோக்கனைக் குறிவைத்துப் போடப்பட்ட பொட்டலங்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் என்று கண்டுபிடித்தார்கள். ‘என்எஃப்டி விற்பவர்களுக்கு இடமில்லை’ என்று எழுதி வைத்திருந்தால் இதில் ஒன்றையாவது தடுத்திருக்குமா? இது என்எஃப்டியே இல்லையே. ‘தனிப்பட்ட பண லாபத்துக்காகத் திட்டத்தின் உரிமையைக் கோருவதும், பயனற்ற மாற்றங்களை அனுப்புவதும் கூடாது’ என்று எழுதியிருந்தால் தடுத்திருக்கும்.

கான்ட்ரிபியூட்டர் கவனன்டே இந்த வழியில்தான் வந்திருக்கிறது. 2025-ல் வந்த அதன் 3.0 பதிப்பில், துன்புறுத்தல் போன்றவற்றுக்குத் தனியே ஒரு பட்டியலும், அதற்குக் கீழே வேறு சில கட்டுப்பாடுகளும் இருக்கின்றன. சமூகத்தின் வழக்கத்துக்குப் புறம்பாக விளம்பரமோ வணிகச் செய்தியோ பகிர்வது அதில் ஒன்று. மூலத்தைக் குறிப்பிடாமல் எடுத்துப் பயன்படுத்துவது இன்னொன்று. உங்கள் பிரச்சினையின் இரண்டு பாதியும் அதிலேயே வந்துவிட்டது. என்எஃப்டி என்ற சொல் எங்கும் இல்லை. நீங்கள் பழைய பதிப்பில் இருந்தால் இதற்கு மாறுவதைப் பற்றி யோசியுங்கள். மாறுவது கஷ்டம் என்றால், இப்போது இருப்பதன் கீழே இப்படி ஒரு பத்தியைச் சேர்க்கலாம்:

‘நமது சேனல்களிலும் ரெப்போவிலும் சந்திப்புகளிலும், பராமரிப்பாளர்களின் முன் அனுமதி இல்லாமல் எதையும் விற்கவோ, முதலீடு செய்யும்படி அழைக்கவோ கூடாது. டோக்கன், என்எஃப்டி, பயிற்சி வகுப்பு, மென்பொருள் சேவை எதுவானாலும் இது பொருந்தும். உறுப்பினர்கள் கேட்காமல் அவர்களுக்குத் தனிச்செய்தியில் விற்பனை அழைப்பு அனுப்புவது அனுமதி இருந்தாலும் கூடாது. உங்கள் படைப்புகளைக் காட்ட, அதற்கென உள்ள சேனலைப் பயன்படுத்துங்கள். அங்கே விலையும் வாங்கும் இணைப்பும் வேண்டாம். திட்டத்தின் பெயரையும் லோகோவையும், திட்டம் ஆதரிக்கிறது என்று தோன்றும்படி எந்த விற்பனையிலும் பயன்படுத்தக் கூடாது.’

பயிற்சி வகுப்பை ஏன் சேர்த்தேன் என்று கேட்பீர்கள். அடுத்த தடவை வரப்போவது அதுதான். மேலும், ஒருவரைக் குறிவைத்து எழுதிய விதி என்ற பேச்சும் வராது. விலை இல்லாமல் படத்தைக் காட்டலாம் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். வரைய உதவும் லைப்ரரியில், வரைந்ததைக் காட்ட இடமில்லை என்றால் ஆள் வர மாட்டார்கள்.

லோகோ விஷயம்தான் இதில் உங்கள் கை ஓங்கி இருக்கும் இடம். நிரலைத் திறந்துவிட்டதால் பெயரும் லோகோவும் பொதுச்சொத்து ஆகிவிடாது. ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா இதில் கறாராக இருந்ததால்தான் டெபியன் என்ற லினக்ஸ் திட்டம் 2006-ல் ஃபயர்ஃபாக்ஸை ஐஸ்வீசல் என்று பெயர் மாற்றி வெளியிட்டது. பழைய பெயர் திரும்ப வர 2016 ஆனது. இரண்டு பக்கமும் கட்டற்ற மென்பொருள்காரர்கள்தான், ஆனாலும் பெயர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. நீங்கள் வணிகக்குறியைப் பதிவு செய்திருக்க மாட்டீர்கள். பதிவு இல்லாவிட்டாலும், உங்கள் ஆதரவு இருப்பதுபோல் காட்டி வாங்குபவரை நம்பவைத்தால் கேட்க நம் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் எடுத்தவுடன் வக்கீல் நோட்டீஸ் வேண்டாம். லோகோவை எடுத்துவிடும்படி அவருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதுங்கள். பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள்.

குழுவுக்குள் பெரும்பாலோர் என்எஃப்டியே கூடாது என்று நினைத்தால், அதைக் காட்டவும் இடம் உண்டு. உங்கள் பொதுப் பணத்தில் காட்டுங்கள். விக்கிப்பீடியா நல்ல உதாரணம். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ் 2021 டிசம்பரில் விக்கிப்பீடியாவின் முதல் திருத்தத்தை என்எஃப்டியாக்கி கிறிஸ்டிஸில் ஏழரை லட்சம் டாலருக்கு விற்றார். அதற்குப் பின், கிரிப்டோ நன்கொடை வாங்குவதை நிறுத்த வேண்டுமா என்று பங்களிப்பாளர்கள் மூன்று மாதம் விவாதித்தார்கள். வாக்களித்தவர்களில் 71 விழுக்காட்டினர் நிறுத்தச் சொன்னார்கள். விக்கிமீடியா அறக்கட்டளை 2022 மே மாதம் நிறுத்தியது. யாரையும் வெளியேற்றவில்லை. தங்கள் உண்டியலில் எது விழலாம் என்பதை மட்டும் தீர்மானித்துக்கொண்டார்கள். மொசில்லாவும் அதே வருடம் ஜனவரியில் எதிர்ப்பு வந்ததும் கிரிப்டோ நன்கொடையை நிறுத்திவைத்தது. நீங்களும் ‘இந்தத் திட்டம் என்எஃப்டி விற்பனையில் பங்கு வாங்காது, திட்டத்தின் பெயரில் டோக்கன் வெளியிடாது’ என்று ஒரு தனி அறிக்கை வெளியிடலாம். நடத்தை விதிக்குள் அதைத் திணிக்காதீர்கள்.

பங்கு வாங்காமல் இருப்பது உங்களுக்கு வேறு வகையிலும் நல்லது. 2022 முதல் இந்தியாவில் என்எஃப்டியும் மெய்நிகர் டிஜிட்டல் சொத்துதான். லாபத்துக்கு 30 விழுக்காடு வரி, ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றில் கழிக்க முடியாது, பரிமாற்றத்தில் 1 விழுக்காடு பிடித்தம். ஐரோப்பாவிலிருந்து நன்கொடை என்று வந்தால் வெளிநாட்டு நிதிச் சட்டமும் எட்டிப்பார்க்கும். பதிவு செய்யாத மூன்று நண்பர்களின் குழுவுக்கு இந்தத் தலைவலி எதற்கு.

இனி நடைமுறை. புதிய விதியைப் பின்தேதியிட்டுச் செலுத்தாதீர்கள். அவர் இணைப்பைப் போட்ட அன்று அது விதி மீறல் இல்லை. கவனன்டின் 2.0, 2.1 பதிப்புகளில் நான்கு படி இருக்கிறது: திருத்தம், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை. இவர் விஷயத்தில் முதல் படிகூடத் தண்டனையாக வேண்டாம். உறுப்பினர்களுக்கு அனுப்பிய தனிச்செய்திகள் அவர்களைச் சங்கடப்படுத்தின, இனி அனுப்ப வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள். விதி வந்த பிறகும் செய்தால் அப்போது படி ஏறலாம். ஓவியரும் விற்றவரும் இந்த முடிவில் வாக்களிக்கக் கூடாது. உங்கள் மூவரில் யாராவது அந்த என்எஃப்டியை வாங்கியிருந்தால் அவரும் ஒதுங்கியிருக்க வேண்டும். இதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு தெரியவந்தால் அசிங்கம்.

புல் ரிக்வெஸ்ட்டை மௌனமாக மூடாதீர்கள், அதுதான் ஓவியரைப் போகவைக்கும். கமென்ட்டைப் பூட்டிவிட்டு, இப்படி எழுதலாம்: ‘நீங்கள் சுட்டிக்காட்டிய பிரச்சினை உண்மையானது. கேட்காமல் வந்த விற்பனைச் செய்திகளையும் லோகோ பயன்பாட்டையும் தடுக்கும் விதியை ஏற்கிறோம்; வரைவை இணைத்திருக்கிறோம், இரண்டு வாரம் கருத்துச் சொல்லலாம். சமூகத்துக்கு வெளியே ஒருவர் செய்யும் விற்பனையை வைத்து உறுப்பினராகும் தகுதியைத் தீர்மானிக்கும் வரியை ஏற்கவில்லை.’ காரணத்தை மூன்று நான்கு வரியில் சொல்லுங்கள். அவர் இதற்குப் பிறகும் விலகிப் போகலாம். ‘இப்படி ஒருவரோடு சேர்ந்து வேலை செய்ய மாட்டேன்’ என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. அவரைப் பிடித்துவைக்க விதியை வளைத்தால், அடுத்து எதிர்ப் பக்கத்தில் இருப்பவர் இதே வழியில் வருவார்.

அந்த மாணவரிடம் யாராவது உட்கார்ந்து பேசுங்கள். விலை ஏறும் என்று உறுதி சொல்லி விற்றாரா, உங்கள் திட்டமே வெளியிடுகிறது என்று சொல்லி விற்றாரா என்பதைத் தனிச்செய்திகளைப் பார்த்தால் தெரியும். அவற்றை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அப்படி ஏதாவது இருந்தால், பணத்தைத் திருப்பித் தரும்படி விற்றவரிடம் நீங்களே கேட்கலாம். லோகோ பிரச்சினை கையில் இருக்கும்போது கேட்டால் கொடுத்துவிடுவார் என்றே நினைக்கிறேன். மறுத்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் பதியலாம். அப்படி எதுவும் சொல்லாமல், பிடித்திருந்தால் வாங்கிக்கொள் என்று மட்டும் விற்றிருந்தால் சட்டத்தில் பெரிதாக வழியில்லை. டோக்கனோடு அந்தப் படத்தின் பெரிய கோப்பையும், அச்சிட்டு மாட்டிக்கொள்ளும் உரிமையையும் எழுத்தில் தரும்படி கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.